பதிந்தால் மட்டும் போதுமா?

தொழில் தொடங்குபவர் தமது விபரங்களைத் தாமே எழுதிப் பதிந்துகொண்டால் போதும், சுற்றாடல் அனுமதிப்பத்திரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று வாதிடுவோர் உள்ளனர். சிறு தொழில் செய்வோரின் அலைச்சலை நாம் அறிவோம். மிளகாய் அரைக்கும் ஆலை ஒன்றுக்காக ஒருவரைப் பத்துத் தடவை கந்தோருக்கு இழுப்பது நியாயமல்ல. ஆனால் களப்பு நீரை எடுத்து, அழுக்காக்கி, மீண்டும் களப்பிலேயே விடும் தொழிலும் அப்படிப்பட்டதா?

இதற்கு எமது மாவட்டமே சாட்சி. 1980களிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளின் ஓரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. 4 ஹெக்டெயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும் என்று 1993ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தது. மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்தால் பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். பலர் 4 ஹெக்டெயருக்குள் நின்றுகொண்டனர். உத்தரவே இல்லாமல் தொட்டி வெட்டியவர்களும் பலர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு பண்ணைதான். ஆனால் எல்லாம் ஒரே நீரை எடுத்து, அதே நீரில் கழிவை விட்டன. ஒருவரின் கழிவை டச்சுக் கால்வாய் அடுத்தவரின் தொட்டிக்குக் கொண்டு சென்றது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. முறையாக அனுமதி பெற்றவரின் இறாலும் செத்தது. கண்டல் அழிந்ததால் மீனவர் இழந்தது வேறு கணக்கு.

தானே நிரப்பும் படிவத்தில் ஒருவர் தன் பண்ணையைப் பற்றி மட்டுமே எழுதுவார். அயலில் எத்தனை பண்ணை, எல்லாம் சேர்ந்தால் களப்பு தாங்குமா என்று யார் கூட்டிப் பார்ப்பது? பின்னாளில் பண்ணையாளர்களே சங்கமாகக் கூடி, தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையுடன் சேர்ந்து, எந்தப் பகுதியில் எப்போது குஞ்சு விடுவது என்று அட்டவணை போட வேண்டி வந்தது. முதலிலேயே ஊராரைக் கேட்டிருக்கலாம்.

எம்மிற் பலர் 1990இல் வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள். மணற்றரையில் கிணறு வெட்டி மிளகாயும் வெங்காயமும் செய்கிறோம். கிணற்று நீர் உப்பானால் போக வேறிடம் இல்லை. ஆயினும் 'வந்தான் வரத்தானுக்கு என்ன கதை' என்று கேட்பார்களோ எனப் பயந்து வாயை மூடிக்கொள்கிறோம். 2000ஆம் ஆண்டு எப்பாவல பொசுபேற்று வழக்கில் ஊரார் ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றனர். ஒப்பந்தம் செய்துகொண்டு சுற்றாடல் சட்டத்தின் நடைமுறையைத் தாண்டிப் போக முடியாது என்ற தீர்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது.

பக்கத்துப் பண்ணைக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அதன் நிபந்தனைகள் எவை என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வட மேல் மாகாண சுற்றாடல் அதிகார சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். வெறும் பதிவு என்றாகிவிட்டால் கேட்பதற்கு நிபந்தனையே இராது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கேட்பவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். காணி உறுதி தேவையில்லை.