சர்க்யூட் போர்டு சாப்ட்வேர்: குறை உங்களிடம் இல்லை!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சொந்தமாக சர்க்யூட் போர்டு வரையலாம். ரேடியோ, இன்வெர்ட்டர் எதைத் திறந்தாலும் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பலகை இருக்கிறதல்லவா? அதுதான் பிசிபி. அதை வரையும் சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் பலர் முதல் வாரத்திலேயே அதை மூடி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பாகூர், வில்லியனூர் பக்கத்து பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் என்னிடம் சந்தேகம் கேட்டு வருவார்கள். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் சிறிய சர்க்யூட்தான் அவர்கள் செய்ய நினைப்பது. கடைசியில், "நமக்கு இதெல்லாம் வராதுண்ணா" என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கீகேட் சாப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். ழான் பியேர் ஷாரா என்ற பிரெஞ்சுக்காரர் 1992-ல் எழுதத் தொடங்கியது. பிறகு சேர்ன் ஆய்வுக்கூடமும் வளர்ச்சிக்கு உதவியது. அருமையான சாப்ட்வேர், முற்றிலும் இலவசம். ஆனால் புதியவர் படும் பாட்டைப் பாருங்கள்.

சர்க்யூட் படத்தில் ஒரு ரெசிஸ்டரை நகர்த்த 'எம்' கீயை அழுத்துகிறீர்கள். ரெசிஸ்டர் நகர்கிறது, அதோடு இணைந்த ஒயர் அங்கேயே நின்றுவிடுகிறது! ஒயரும் சேர்ந்து வர 'ஜி' கீயை அழுத்த வேண்டும். இதை யார் சொல்லாமல் கண்டுபிடிப்பது?

அடுத்தது ஃபுட்பிரின்ட். போர்டில் ஒரு பாகம் உட்காரும் இடம், துளைகளின் அளவு இவற்றைக் குறிக்கும் வடிவம் இது. சாதாரண கால் வாட் ரெசிஸ்டருக்கு நீளமான பட்டியலிலிருந்து 'ஆர் ஆக்சியல் டிஐஎன்0207 எல்6.3எம்எம் டி2.5எம்எம் பி10.16எம்எம்' என்பதுபோல ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளம் 6.3 மி.மீ., விட்டம் 2.5 மி.மீ., துளைகளின் இடைவெளி 10.16 மி.மீ. என்பதுதான் அர்த்தம். தெரிந்தவருக்கு இது தெளிவான பெயர். தெரியாதவருக்கு மந்திரம்! தவறாகத் தேர்ந்தெடுத்தால் சாப்ட்வேர் தடுக்காது. போர்டு தயாராகி வந்த பிறகு பாகம் உட்காராது. போட்ட பணம் போச்சு.

"தொழில் செய்பவர்களுக்கு அத்தனை வடிவங்களும் தேவைதானே?" என்று கேட்கலாம். தேவைதான். ஆனால் கடையில் அடிக்கடி விற்கும் இருபது, முப்பது பாகங்களை மட்டும் முதலில் காட்டினால் யாருக்கு நஷ்டம்? புரியாத பெயர்களுக்கு அருகில் ஒரு படம் பெரிதாக வந்தால் என்ன?

வேறு சாப்ட்வேருக்கு மாறுவதும் எளிதான வழியில்லை. பலர் பழகிய ஈகிளை 2016-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் அதை நிறுத்துவதாக 2023-ல் அறிவித்தது. கீகேட்டின் மூல நிரல் அனைவருக்கும் திறந்திருப்பதால் யாரும் அதை அப்படி மூடிவிட முடியாது. எனவே கஷ்டப்பட்டாலும் இதையே பழகுங்கள் என்பேன்.

மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். முதலில், ஆர்டர் கொடுக்கும் முன் போர்டை அசல் அளவிலேயே பேப்பரில் பிரின்ட் எடுத்து, பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, டிஆர்சி என்ற சோதனையைத் தவறாமல் ஓட்டுங்கள். மூன்றாவது, கல்லூரியிலும் வீட்டிலும் ஒரே வெர்ஷனை வைத்திருங்கள். புதிய வெர்ஷனில் சேமித்த ஃபைல் பழையதில் திறக்காது. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கீகேட் பாடங்களும் இலவசமாக உள்ளன.

ஒயர் அறுந்து நின்றால் உங்களுக்கு மூளை இல்லை என்று அர்த்தமல்ல. சாப்ட்வேர் எழுதும் என்னைப் போன்றவர்கள் புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.