பட்டாவில் இல்லாத விவசாயி

திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் சின்னம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது என்று ஊர் சொல்லும். சித்தப்பா இறந்த பிறகு பதினாறு வருடங்களாக அதில் மல்லாட்டை போடுவதும், நெல் நடுவதும், வட்டிக்கு வாங்கி உரம் வைப்பதும் அவர்தான். பட்டா மட்டும் இன்றும் செத்துப்போன மாமனார் பெயரில். கிணறு பொது. மோட்டார் சர்வீஸ் கொழுந்தனார் பெயரில். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் வரும். பகல் கரண்ட் கொழுந்தனாருக்கு, ராத்திரி கரண்ட் சின்னம்மாவுக்கு. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்புமாகப் போய் மடை திருப்புகிறார்.

தனி சர்வீஸுக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். நிலத்துக்கும் கிணற்றுக்கும் உரிமைச் சான்று வேண்டும், பங்காளிகளின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். கொழுந்தனார் கையெழுத்துப் போடவில்லை. "பொம்பளைக்கு எதுக்குத் தனி சர்வீஸ்? தண்ணி விடமாட்டேன்னா சொன்னேன்?" என்றார். மனு என் பையிலேயே திரும்பி வந்தது.

இதைச் சொன்னதும் இலவச மின்சாரமே தவறு என்று சிலர் ஆரம்பிப்பார்கள். அவர்களோடு எனக்குக் கூட்டு இல்லை. மின்கட்டணத்தை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளோடு கோவைத் தெருக்களில் இறங்கியவர்களும், துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களும் போராடிப் பெற்ற உரிமை அது. அதில் ஒரு யூனிட் குறையக்கூடாது. என் கேள்வி வேறு. அந்த உரிமைக்குரிய விவசாயி யார்?

மருத நிலத்து மக்கள் யார் என்று வகுப்பில் கேட்டால் உழவர், உழத்தியர், கடையர், கடைசியர் என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். பொருளிலக்கணத்துக்குத் தெரிந்த உழத்தியை வருவாய்த்துறைப் பதிவேட்டுக்குத் தெரியவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் நிலத்தைச் சாகுபடி செய்து நிர்வகிப்பவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் 14 சதவீதம்கூட இல்லை. கிராமத்தில் வேலை செய்யும் பெண்களிலோ ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் செய்வது விவசாய வேலை.

தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதே ஆட்சிக்காலத்தில்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரமும் வந்தது. மின்சாரம் கம்பி வழியே கிணற்றுமேட்டுக்கு வந்து சேர்ந்தது. சொத்துரிமை பத்திரப்பதிவு அலுவலக வாசலோடு நின்றது. அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சீர்வரிசையோடு திரும்பிய பெண்கள் எத்தனை பேர்! அப்படிப் பங்கை விட்டுக்கொடுக்கும் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை?

இப்போது சூரியசக்தி பம்புசெட் காலம். 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் ஒன்றிய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம் தருகின்றன. மீதி விவசாயியின் கையிலிருந்து. நல்ல திட்டம்தான். சூரியசக்தி பம்பு பகலில் ஓடும், சின்னம்மா பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது சிட்டாவும் அடங்கலும். மீதிப் பணத்துக்குக் கடன் கேட்டால் வங்கியும் நிலத்தின் பத்திரத்தைக் கேட்கும். ஆக, பகல் கரண்ட் வைத்திருப்பவருக்கே வெயிலும் மானியத்தோடு போய்ச் சேரும். பசுமை ஆற்றல் என்று பெயர் மாறினாலும் பெறுபவர் மாறவில்லை. பட்டாவே எட்டிப் பார்க்காத குடும்பத்தில் பிறந்து, அடுத்தவர் நிலத்தில் குத்தகைக்கும் கூலிக்கும் பாடுபடும் தலித் பெண் இந்த வரிசையில் நிற்கக்கூட முடியாது.

வேறு வழி இல்லையா? மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தனி ஆள் பட்டா இல்லாமல், ஊர் பொதுவாகவே மின்சாரத்துக்கு உரிமையாளராக முடியும் என்று காட்டியது. ஊராட்சிக்கு முடிந்தது பெண்கள் குழுவுக்கு ஏன் முடியாது? மாதாமாதம் தவணை தவறாமல் கட்டுபவர்கள் என்று மகளிர் குழுக்களை வங்கிகள்தானே மெச்சுகின்றன! ஊறுகாய்க்கும் ஊதுபத்திக்கும் கடன் கொடுக்கிறவர்கள் பொதுக்கிணற்றில் பம்பு வைக்கவும் கொடுக்கட்டும்.

மின் இணைப்புக்கும் மானியத்துக்கும் சாகுபடி செய்பவர் யார் என்பதே அளவுகோலாக வேண்டும். அதைக் கிராம சபை சான்றளிக்கட்டும். பொதுக்கிணறுகளில் சூரியசக்தி பம்பைப் பெண்கள் குழுவின் பெயரில் கொடுக்க வேண்டும். கணவன் இறந்தால் வாரிசான மனைவியின் பெயரைப் பட்டாவில் ஏற்ற, பங்காளிகளின் தயவை அவள் கேட்டு நிற்கக்கூடாது. இவை சலுகைகள் அல்ல. பதினாறு வருட உழைப்புக்கான கணக்கு.

போன வாரம் சின்னம்மா போன் செய்தார். "அந்த மனு என்னாச்சும்மா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள், "சரி, கரண்ட் வந்துடுச்சு, வைக்கிறேன்" என்றார். மணி பதினொன்றரை.