பிஸ்கோத்து டின்னும் துப்பாக்கியும்

"வெள்ளைக்காரன் காலமே தேவலை" என்று பெருமூச்சு விடும் கனவான்கள் இன்னும் நம் நாட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கைக்கு ஒரு சரக்கு கிடைத்திருக்கிறது. ஊரைப் பிடிக்க வந்த அந்நியச் சிப்பாய் ஒருவன்; பிடிபட்ட ஊரின் குழந்தை ஒன்று; இரண்டுக்கும் நடுவே சிநேகம். இதைச் சினிமாவாக எடுக்கிறார்கள், கதையாக எழுதுகிறார்கள். பார்த்தவர் கண் கலங்குகிறது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, எதிரி என்று யாருமே இல்லை, எல்லோரும் நல்லவர்களே!" என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள்.

அப்படியா, ஐயா? நாம் ஒன்று கேட்கிறோம். அந்தச் சிப்பாய் அந்த ஊருக்கு எப்படி வந்தான்? குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கவா கப்பலேறி வந்தான்?

இந்தக் கதைக்குச் சினிமாக் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. நம் தாம்பரம், பல்லாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிமலை கம்பெனிக் காலத்திலிருந்தே பட்டாளத்து ஊர். நம் மண்ணை யார் தின்பது என்று 1759-ல் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொண்டது இந்த மலையடியில்தான். இரண்டாவது உலக யுத்தத்தில் பரங்கிமலையிலும் தாம்பரத்திலும் விமானத் தளங்கள் இருந்தன. தாம்பரத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்க 1944-ல் தனி நிலையமே வைத்தார்கள். ரோடு நெடுகச் சோல்ஜர்கள்.

பல்லாவரத்துக் கல்குவாரியில் ஆயுள் முழுதும் கல் உடைத்த பெரியவர் ஒருவர் நமக்குத் தெரியும். தொண்ணூறை நெருங்குகிறார். அந்த நாளில் எட்டு, ஒன்பது வயதுப் பையன். முகாம் வேலிக்கு வெளியே ஆடு மேய்ப்பார். வேலிக்கு உள்ளே காவல் நின்ற ஒரு சோல்ஜர் அவரைக் கூப்பிட்டு பிஸ்கோத்து கொடுத்தானாம். மறுநாளும் கொடுத்தான். பாஷை தெரியாது. இவர் ஆட்டைக் காட்டி "ஆடு" என்பார்; அவனும் "ஆடு" என்பான். அவன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். இவர் வயசில் ஒரு பையன். தம்பியோ, யாரோ. அப்பா என்ன வேலை என்று இவர் சைகையில் கேட்டதற்கு, அவன் பூமியைத் தோண்டுவதுபோல் கையை ஆட்டி, முகமெல்லாம் கறுப்பாகும் என்று தடவிக் காட்டினானாம்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மகன்! கல் உடைக்கிறவன் பிள்ளையும் கரி வெட்டுகிறவன் பிள்ளையும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்துக்கொண்டார்கள். இதைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. முதலாளி வர்க்கம் கோடு கிழித்துப் பிரித்து வைத்தவர்கள் கோட்டைத் தாண்டிக் கை நீட்டுவதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. கனவான்கள்தான் அங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு நாள் விடியற்காலை. முகாமை ஒட்டியிருந்த குடிசைகள் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அதிகாரி வந்தான், பின்னால் பட்டாளம் வந்தது. சட்டி பானை வெளியே பறந்தது. பெரியவரின் தாயார் பத்து நாள் பிள்ளைத்தாய்ச்சி. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்ட தகப்பனாருக்குத் துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஒரு இடி. வரிசையில் நின்ற சோல்ஜர்களில் ஒருவன் அந்தப் பிஸ்கோத்துக்காரன். இவர் அவனைப் பார்த்தார். அவனும் இவரைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அவன் நல்லவன்தாம்பா," என்கிறார் பெரியவர். "ஆனா அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

எண்பது வருஷமாக அந்த மனிதர் நெஞ்சில் இது கிடக்கிறது. சினிமாக்காரர்களே, இதை எடுப்பீர்களா?

பிஸ்கோத்து கொடுத்த அதே சர்க்கார்தான் 1943-ல் வங்காளத்தை எலும்புக்கூடாக்கியது. சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு எந்த டின் திறந்தது? ஒரு சோல்ஜரின் கருணையைக் காட்டி ஒரு சாம்ராஜ்யத்தின் கொள்ளையை மூடப் பார்க்கிறார்கள். சோல்ஜர் நல்லவனாக இருக்கலாம். அவனை அனுப்பியவன் நல்லவன் அல்ல. அவன் கையில் துப்பாக்கி இருக்கிறவரை, யார் உத்தரவுக்கு அது வெடிக்கும் என்பதுதான் கேள்வி.

உத்தரவை மீறிய சிப்பாய்கள் உண்டா? உண்டு. அவர்கள் பெயரைப் பாடப் புத்தகத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1930 ஏப்ரல் 23. பெஷாவர் நகரம், கிஸ்ஸா குவானி கடைவீதி. ஆயுதமில்லாத பட்டாணியர் கூட்டம் நிற்கிறது. எதிரே கார்வால் படை. இந்துச் சிப்பாய்கள் முஸ்லிம்களைச் சுடத் தயங்கமாட்டார்கள் என்பது துரைகளின் கணக்கு. "சுடு" என்று உத்தரவு வந்தது. சந்திர சிங் கார்வாலி சுட மறுத்தார். அவர் சகாக்களும் மறுத்தார்கள். ராணுவக் கோர்ட் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பதினோரு வருஷம் சிறையில் கிடந்து 1941-ல் வெளியே வந்தார். பின்னாளில் கம்யூனிஸ்ட் ஆனார். அவர் எந்தப் பட்டாணிக் குழந்தைக்கும் மிட்டாய் கொடுத்தவரல்ல. ஆனால் அன்று எத்தனை குழந்தைகளின் தகப்பன்மார் வீடு திரும்பினார்கள்!

அந்நியச் சிப்பாயிலும் அப்படி உண்டு. 1968 மார்ச் 16, வியட்நாம், மை லாய் கிராமம். அமெரிக்கப் பட்டாளம் கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்று குவித்தது. வியட்நாம் கணக்குப்படி 504 பேர். ஹெலிகாப்டரில் மேலே சுற்றிய ஹ்யூ தாம்ஸன் என்ற அமெரிக்க விமானி அதைப் பார்த்தார். தன் சொந்தப் பட்டாளத்துக்கும் கிராமத்தாருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். "இவர்களைச் சுட்டால் நம்மவர்களையே சுடுங்கள்" என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். பிணங்கள் கிடந்த பள்ளத்தில் உயிரோடிருந்த ஒரு சிறு பிள்ளையை அவருடைய ஆள் ஆண்ட்ரியோட்டா தூக்கி வந்தார், ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். தாம்ஸனுக்கு அவர் நாட்டில் கிடைத்தது வசவும் மிரட்டலும். செய்ததற்கு உரிய பதக்கம் கொடுக்க 30 வருஷம் ஆயிற்று. இத்தனை கொலைக்கும் தண்டனை பெற்றவன் ஒரே ஒரு லெப்டினென்ட். அவனும் பெரும்பாலும் வீட்டுக் காவலிலேயே காலம் கழித்தான்!

வெள்ளைச் சோல்ஜர்களும் கட்டுப்பாட்டை உடைத்திருக்கிறார்கள். 1946 ஜனவரியில் கராச்சியில் பிரிட்டிஷ் விமானப்படை ஆட்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, எங்களை வீட்டுக்கு அனுப்பு என்றார்கள். அது கான்பூர், இலங்கை, சிங்கப்பூர் என்று பரவியது. சிங்கப்பூரில் நாரிஸ் சிம்பலிஸ்ட் என்பவருக்குப் பத்து வருஷத் தண்டனை போட்டார்கள். இங்கிலாந்தில் எழுந்த கிளர்ச்சிதான் அதைக் குறைக்கவைத்தது. அடுத்த மாதமே பம்பாயில் நம் கடற்படை மாலுமிகள் எழுந்தார்கள். அடக்க வேண்டிய கைகளே அசைய மறுத்தபோது துரைமார் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

பெரியவரிடம் இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னோம். சந்திர சிங் கதையை மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

"சுடமாட்டேன்னு சொன்னதுக்கு ஆயுசு பூரா ஜெயிலா?"

"ஆமாம் ஐயா."

டீ ஆறுகிறவரை பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்ப என் சிநேகிதனுக்கும் அது தெரிஞ்சிருக்கும். அவனும் சின்னப் பையன்தானே, பா."