குலுக்கல் போட்ட மருத்துவர்

நியூயார்க்கின் பேபீஸ் மருத்துவமனையில் 1950-ஐ ஒட்டிய காலத்தில், வில்லியம் சில்வர்மேன் 31 குறைமாதக் குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசியைப் போட்டுப் பார்த்தார். அவர்களுக்குக் கண்ணில் ஒரு நோய் தொடங்கியிருந்தது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, முற்றினால் விழித்திரையையே பெயர்த்துவிடும். ஊசி போட்ட 31 பேரில் 25 பேர் நல்ல பார்வையுடன் வீடு போனார்கள். ஊசி போடாத வேறொரு மருத்துவமனையில் ஏழு பேரில் ஆறு பேருக்குப் பார்வை போயிற்று.

யாராக இருந்தாலும் இதோடு நிறுத்தி, மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று அறிவித்திருப்பார்கள். சில்வர்மேன் குழு ஒரு பெட்டியில் நீலமும் வெள்ளையுமாகக் கோலிகளைப் போட்டது. கைக்கு வந்த கோலியின் நிறத்தைப் பொறுத்து ஊசி உண்டு, அல்லது இல்லை. முடிவு தலைகீழாக வந்தது. ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பார்வை போனது; போடாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான். ஊசி போட்டவர்களில் இறந்தவர்களும் அதிகம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த நோய் தானாகவே தணியக்கூடியது என்பது அப்புறம்தான் விளங்கியது.

சில்வர்மேன் (1917–2004) எந்த மருந்தையும் கண்டுபிடித்ததற்காக நினைக்கப்படுபவர் அல்லர். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் வைத்தியத்தையும் சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பிடிவாதம் பிடித்தவர். பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கு அந்தப் பிடிவாதம் எந்த மருந்தையும்விடப் பெரிய கொடை என்பது என் கருத்து. உதாரணமாக, தொற்று வராமலிருக்க வழக்கமாகக் கொடுத்த பென்சிலின்–சல்ஃபா மருந்துகளை இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டார்கள். 1956-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான மருந்து பெற்ற குழந்தைகளே அதிகம் இறந்திருந்தன. மஞ்சள் காமாலையின் நிறமி மூளைக்குள் இறங்க சல்ஃபா வழிவிட்டிருந்தது. 1958-இல் இன்குபேட்டரின் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி கூட்டிப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் சுமார் 15 சதவீதம் கூடினார்கள். செலவே இல்லாத வைத்தியம்!

பெரிய பாடம் ஆக்சிஜனில் இருந்தது. அந்தக் கண்நோயை 1942-இல் பாஸ்டனில் டெரி என்ற கண் மருத்துவர் முதன்முதலில் விவரித்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். 1950-இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டருக்கு வந்ததும் இதுவே. இதற்குக் காரணம் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்தான் என்று சந்தேகம் வருவது எளிதல்ல. நீலம் பாரித்த குழந்தையைச் சிவக்க வைப்பது அதுதானே? மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் 1951-இல் சந்தேகத்தை எழுப்பினார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் குழு சோதித்தபோது, குறைந்த ஆக்சிஜன் தரப்பட்ட குழந்தைகளுக்கு இரவில் செவிலியர்கள் ரகசியமாகக் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1953–54-இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு குற்றவாளி ஆக்சிஜன்தான் என்று உறுதி செய்தது.

கதை அங்கே முடியவில்லை. பிறந்து 48 மணி நேரம் தாண்டிய குழந்தைகளை மட்டுமே அந்த ஆய்வு சேர்த்திருந்தது. முதல் இரண்டு நாளில் ஆக்சிஜன் குறைந்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லா இடத்திலும் ஆக்சிஜன் கொடுப்பதில் கையை இறுக்கினார்கள். கண்கள் தப்பின, உயிர்கள் போயின. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று 1973-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் கிராஸ் என்பவர் கணக்கிட்டார். இந்த வரலாற்றைத்தான் 1980-இல் சில்வர்மேன் ஒரு நூலாக எழுதினார்.

பச்சைக் குழந்தையின் உயிரைக் குலுக்கலில் விடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால், எந்த மருத்துவமனையில் பிறந்தோம் என்பதைப் பொறுத்தே ஆக்சிஜன் அளவு மாறிய காலத்தில் நடந்ததும் குலுக்கல்தான். கணக்கு மட்டும் எழுதப்படவில்லை. அதே சமயம் பெற்றோருக்கு எல்லாவற்றையும் சொல்லித்தான் குலுக்க வேண்டும். 2010-இல் வெளியான அமெரிக்காவின் 'சப்போர்ட்' ஆய்வில் குறைந்த ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் கண்நோய் குறைந்தது, மரணம் கூடியது. இத்தகைய அபாயங்களை ஒப்புதல் படிவம் தெளிவாகச் சொல்லவில்லை என்று அரசுக் கண்காணிப்பு அலுவலகம் பின்னர் குற்றம்சாட்டியது. பெற்றோரின் குரலுக்காக வாதாடிய சில்வர்மேனும் அதைப் பொறுத்திருக்கமாட்டார்.

நமக்கு இது பழங்கதையல்ல. 1996-இல் சென்னை அரசு மருத்துவமனையொன்றில் 29-ஆவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தையின் கண்ணை யாரும் பரிசோதிக்கவில்லை, இதே நோயில் பார்வை போயிற்று. 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 34 வாரத்துக்கு முன்னரோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் கண் பரிசோதனை என்பது இந்திய வழிகாட்டுதல். எடை ஏறிவிட்டது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தப் பரிசோதனைத் தேதியையும் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிதாக எழுதி, வராத தாயைப் போனில் கூப்பிடும் வேலையை ஒரு செவிலியரிடம் ஒப்படைப்பது மாவட்ட மருத்துவமனைகளால் இன்றே முடியும்.