பன்னிரண்டு வயதோடு பள்ளி முடிந்ததா?

நீலகிரியில், உதகையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி, கிளென்மார்கன் என்றோர் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம். மறு பக்கம் மின்வாரியத்தின் நீர்த்தேக்கம். அந்தத் தண்ணீர் மலைச்சரிவில் குழாய் வழியே சிங்காராவுக்கு இறங்கி மின்சாரமாகிறது. 1932ஆம் ஆண்டிலிருந்து பைக்காரா மின்சாரம் என்று பேர் பெற்றது அதுதான். கோவை நகரத்து ஆலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெருந்துணை. மின்வாரிய ஊழியர்கள் இறங்கி ஏறுவதற்கென்று செங்குத்தான சரிவில் தண்டவாளம் போட்டு, இரும்பு வடம் கட்டி இழுக்கும் ‘விஞ்ச்’ வண்டியும் அமைத்தார்கள்.

தண்ணீர் இறங்க வழி கண்டார்கள். ஊழியர் ஏற வழி கண்டார்கள். பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்ச் சேரவேண்டும், தவறினால் கெட்டுவிடும் என்பதற்காக அதற்கும் வண்டி வைத்தார்கள். கொழுந்து பறிக்கிறவளின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேர என்ன வழி கண்டார்கள்? இந்தக் கேள்வியோடு நாம் சட்டப் புத்தகங்களைப் புரட்டினோம். கண்டதை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்று. கிளென்மார்கனைப் பேர் சொல்லி எடுத்ததனால், அங்குள்ள எந்த நிர்வாகத்தின் மீதும் குறை சொல்ல வந்தோம் என்று எவரும் கருத வேண்டாம். நாம் பேசுவது சட்டத்தைப் பற்றி. அது குன்னூருக்கும் பொருந்தும், கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பொருந்தும், வால்பாறைக்கும் பொருந்தும். மலை மேல் நின்று பார்த்தால் சட்டத்தின் ஓட்டைகள் நன்றாகத் தெரியும் என்பதனால் மலை ஏறினோம், அவ்வளவுதான்.

1951ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. 1954 ஏப்ரல் முதல் நாள் அது நடப்புக்கு வந்தது. வீடு, மருத்துவம், குடிதண்ணீர், குழந்தைகள் காப்பகம் என்று தொழிலாளிக்கு முதன்முதலாகச் சில உரிமைகளை எழுத்தில் தந்த சட்டம் அது. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. வெள்ளைக்கார துரையின் வாய்ச்சொல்லே சட்டமாயிருந்த இடத்தில், அச்சடித்த சட்டம் ஒன்று வந்ததே பெரிய காரியம்.

அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களின் பிள்ளைகளில், ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தரும்படி முதலாளிக்கு மாநில சர்க்கார் விதி வகுக்கலாம் என்பது அதன் சாரம்.

மேலோட்டமாகப் படித்தால் நல்ல பிரிவாகத்தான் தோன்றும். மூன்று சொற்களில் நிறுத்திப் படியுங்கள்!

ஒன்று, ‘இருபத்தைந்து பேருக்கு மேல்’. இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தாலும் போதாது. இருபத்தாறாவது பிள்ளை பிறந்து, அதற்கு ஆறு வயதாகும் வரை மற்ற இருபத்தைந்தும் காத்திருக்க வேண்டும்! அதற்குள் மூத்த பிள்ளைக்கு வயது பன்னிரண்டைத் தாண்டிவிட்டால், மறுபடியும் கணக்கு இருபத்தைந்துதான்.

இரண்டு, ‘வகுக்கலாம்’. வகுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நம் ராஜ்யத்தில் 1955இல் விதிகள் வகுத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் சட்டம் தந்தது சலுகையின் குரல். கடமையின் குரல் அன்று.

மூன்று, ‘பன்னிரண்டு வயது’. இங்கேதான் நாம் வெகுநேரம் நின்றோம். ஏன் பன்னிரண்டு? அதற்கு ஓராண்டுக்கு முன், 1950 ஜனவரி 26 அன்று நடப்புக்கு வந்த அரசியல் சட்டம், பதினான்கு வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி தர சர்க்கார் முயலவேண்டும் என்று 45ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. பத்தாண்டு தவணையும் குறித்திருந்தது. நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பதினான்கு; தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் பன்னிரண்டு. அந்த இரண்டு வருஷம் எங்கே போயிற்று?

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு விடை சொல்கிறது. பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளையைத் தோட்டத்தில் வேலை வாங்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு. அப்படியானால் பன்னிரண்டு நிறைந்த பிள்ளையை வாங்கலாம்! மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தால் போதும். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வரை அந்தப் பிள்ளை வேலை செய்யலாம் என்று அன்றைய சட்டம் அனுமதித்தது.

இப்போது இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் கதவு எந்த வயதில் மூடுகிறதோ, அதே வயதில் கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் ஏறுகிறது. பன்னிரண்டு என்பது ஒரு பிள்ளை எவ்வளவு படிக்க வேண்டும் என்று யோசித்துப் போட்ட எண்ணாக நமக்குத் தோன்றவில்லை. எப்போது கூலிக்கு வரலாம் என்று யோசித்துப் போட்ட எண்ணாகவே தோன்றுகிறது.

“அது பழைய கதை, இப்போது எதற்கு?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பழைய கதையாக இருந்தால் நாம் மை செலவழிக்க மாட்டோம்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோது, அந்த 24ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2002இல் 86ஆவது திருத்தத்தின் மூலம் 21அ பிரிவு அரசியல் சட்டத்தில் ஏறியது. 2009இல் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் பிறந்து, 2010 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தது. 2016இல், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் போக, பதினான்கு வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கலாகாது என்று சட்டம் திருத்தப்பட்டது.

இவ்வளவும் நடந்த பிறகு, 2019இலும் 2020இலும் மத்திய சர்க்கார் பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டிக் கட்டி நான்கு தொகுப்புகளாக்கியது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்பில் தோட்டத் தொழிலாளர் சட்டம் கரைந்து போயிற்று. 2025 நவம்பர் 21 அன்று அந்தத் தொகுப்பு நடப்புக்கு வந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு புதிதாக எழுதுகிறார்களே, அந்தப் பன்னிரண்டைத் திருத்தியிருப்பார்கள் என்றுதானே எவரும் நினைப்போம்?

திருத்தவில்லை! புதிய தொகுப்பின் 92ஆம் பிரிவிலும் அதே ஆறு வயது முதல் பன்னிரண்டு, அதே இருபத்தைந்துக்கு மேல், அதே ‘வகுக்கலாம்’. வேலைக்கு வைக்கும் வயது பன்னிரண்டு என்ற பிரிவு செத்து நாற்பது ஆண்டாகிறது. அதற்குத் துணையாக நின்ற பள்ளி வயது மட்டும் சாகவில்லை. பிணம் போன பிறகும் நிழல் நிற்கிறது.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இந்த வசதிகளை முதலாளி தன் கைப்பணத்திலும் செய்யலாம். அல்லது மத்திய, மாநில சர்க்கார்கள், நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்று தொகுப்பு சொல்கிறது. சர்க்கார் பள்ளி வருவதை நாம் வரவேற்கிறோம். தோட்டத்துப் பள்ளி தோட்ட நிர்வாகத்தின் தயவில் நடப்பதைவிட அது நூறு மடங்கு மேல். இலங்கை மலையகத்தில் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் நிர்வாகத்தின் கையில் கிடந்ததையும், 1970களில்தான் அந்நாட்டு சர்க்கார் அவற்றை ஏற்கத் தொடங்கியதையும் அறிவோம். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அங்கிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்களுக்கு அதன் வலி தெரியும். நம் அச்சம் வேறு. ‘சர்க்கார் பார்த்துக்கொள்ளும்’ என்று தோட்டம் சொல்லவும், ‘அது தோட்டத்து நிலம்’ என்று அதிகாரிகள் சொல்லவும் வழி ஏற்பட்டால், இருவருக்கும் நடுவில் பிள்ளை நிற்கும். மழையில் நிற்கும்.

“கல்வி உரிமைச் சட்டம்தான் இருக்கிறதே, தோட்டச் சட்டம் எப்படி இருந்தால் என்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகள், நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை போன்ற ஆபத்துள்ள இடங்களில் இந்தத் தூரத்தையும் குறைக்கச் சொல்கின்றன. சிறு குடியிருப்புகளுக்கு அருகில் பள்ளி இல்லையென்றால் இலவச வண்டியோ தங்கும் இடமோ ஏற்பாடு செய்யச் சொல்கின்றன. இங்கே இருபத்தைந்து என்ற கணக்குக் கிடையாது. ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் அது பிள்ளைதான்.

இந்தச் சட்டம் தோட்டத்துப் பெற்றோருக்கு இன்னும் சில ஆயுதங்களைத் தந்திருக்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வர நாளாயிற்று என்றும் மறுக்கக் கூடாது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். இயன்றவரை தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும். இன்று நீலகிரித் தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட் போன்ற வட மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வேலை தேடி வருகின்றன. அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து விதிகளும் உயிர்நாடி. அன்று கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் கப்பலேறிப் போன நம் பாட்டன் பாட்டிமாரின் நிலைதான் இன்று அவர்கள் நிலை. அதை மறந்தால் நமக்குத் தமிழன் என்ற பெருமை எதற்கு?

குறை இருந்தால் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்தில் அது முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. தொழிற்சங்கத் தோழர்கள் கூலிக்கும் போனசுக்கும் மனு எழுதுவது போல இதற்கும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் நண்பருக்கு நாம் சொன்ன பதில் இதோடு முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதில் நின்றுவிடுகிறது. அதாவது, எட்டாம் வகுப்போடு. பதினான்கு நிறைந்த பிள்ளையை, ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்கள் நீங்கலாக, மற்ற வேலைகளுக்கு வைக்கலாம் என்கிறது தொழிலாளர் சட்டம். 1951இல் பன்னிரண்டில் நடந்தது இன்று பதினான்கில் நடக்கிறது. பள்ளி உரிமை முடியும் நாளும் வேலைக்குப் போகும் நாளும் மறுபடியும் ஒன்றாகவே இருக்கின்றன. கதவை இரண்டடி நகர்த்தி வைத்திருக்கிறார்கள். கதவு அதே கதவுதான்.

நகரத்துப் பிள்ளைக்கு இந்தப் பதினான்கு ஒரு பொருட்டில்லை. அடுத்த தெருவில் உயர்நிலைப் பள்ளி இருக்கும். சட்டம் முடிந்தாலும் படிப்பு தொடரும். மலைப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு என்றால் பல இடங்களில் நகரத்துக்குப் போய் வரும் படிப்பு. பஸ் பாஸ் இலவசம், நல்லது. 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும் நல்லது. அது தொடக்கப் பள்ளியோடு நிற்பது. மேல் வகுப்புக்குப் போகும் பிள்ளையோ பனியில் கிளம்பி, இருட்டில் திரும்ப வேண்டும். சாலையில் காட்டெருமை நிற்கும். ஆடி மாதத்தில் மண் சரியும். பெண் பிள்ளையாயிருந்தால் தாய் என்ன முடிவெடுப்பாள்? “போதும், வீட்டில் இரு” என்பாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

ஆகவே நாம் கேட்பது என்ன?

புதிய தொகுப்பின் கீழ்த் தோட்டங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநில சர்க்காரிடம் இருக்கிறது. கல்வி வசதி என்றால் என்ன என்பதை அந்த விதியில் தெளிவாக எழுதட்டும். நான்கு சுவரும் ஒரு கரும்பலகையும் வசதி ஆகாது. எத்தனை ஆசிரியர், எவ்வளவு தூரம், எந்த வண்டி, யார் செலவு என்று எழுதட்டும். சர்க்கார் திட்டத்தைத் தோட்டம் காட்டினால், அந்தத் திட்டம் அந்த லைன் வீட்டு வாசல் வரை வந்து சேருகிறதா என்று பார்த்துச் சான்று தரும் பொறுப்பை ஓர் அதிகாரியின் பேரில் எழுதட்டும்.

பன்னிரண்டையும் இருபத்தைந்தையும் விதியால் மாற்ற முடியாது. சட்டத்தைத் திருத்த வேண்டும். தொழிலாளர் நலமும் கல்வியும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. மாநிலச் சட்டசபை திருத்தம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். பன்னிரண்டு என்பதைப் பதினெட்டு என்று ஆக்கட்டும். இருபத்தைந்து என்பதை ஒன்று என்று ஆக்கட்டும். ஒப்புதல் வருமா, வராதா என்பது டில்லியின் பொறுப்பு. அனுப்புவது நம் பொறுப்பு.

கிளென்மார்கன் தண்ணீரைக் கீழே இறக்க 1932ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டுக்கு வழி தெரிந்திருந்தது. அந்த மலையின் பிள்ளைகளை மேலே ஏற்ற வழி தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். தெரியும். மனம்தான் வேண்டும், அதை வரவழைப்பது மக்களின் குரல்.