தராசு சொல்லாத செய்தி

மலையகத் தோட்டங்களின் எழுத்தறிவு பற்றி அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் பதினொரு வருடங்கள் கற்பித்தவன் என்ற முறையில் என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: நாளைக் காலை தரம் மூன்றுக்குள் நுழையப்போகும் ஆசிரியருக்கு இவற்றால் என்ன பயன்?

2012 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பை எடுத்துக்கொள்வோம். பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 96 வீதம்; தோட்டத்துறையில் சுமார் 86 வீதம். இந்த இடைவெளியைக் காட்டி, "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆசிரியர்களே பேசக் கேட்டிருக்கிறேன். அந்த எண் பிள்ளைகளுடையது மட்டுமல்ல. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். அதற்கு முன் கொழுந்துக் கூடையோடு வளர்ந்த பாட்டிமாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். பாட்டிக்குப் பள்ளி மறுக்கப்பட்டதன் பழி பேத்தியின் தலையில் விழுகிறது.

இன்னொன்று. இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளராவது குடியிருக்கும் பெருந்தோட்டமே புள்ளிவிபரத்தில் 'தோட்டத்துறை'. படித்துக் கொழும்புக்குப் போய்விட்ட பிள்ளை அங்கே நகரவாசியாக எண்ணப்படுகிறது. படித்தவர் வெளியேற வெளியேற, எஞ்சியோரை மட்டும் அளந்துவிட்டு, 'முன்னேறவில்லை' என்கிறோம்.

அடுத்தது, எழுத்தறிவு என்றால் என்ன? அன்றாட வாழ்வு பற்றிய சிறு கூற்றொன்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்றது யுனெஸ்கோவின் 1958 ஆம் ஆண்டு வரைவிலக்கணம். எனது உம்மும்மா அரபுத் தமிழ் மாலைகளைத் தடையின்றி வாசிப்பார்; பேனை பிடித்ததே இல்லை. அந்த வரைவிலக்கணப்படி அவர் எழுத்தறிவற்றவர். லைபீரியாவின் வாய் மக்களிடம் ஆய்வு செய்த ஸ்க்ரிப்னரும் கோலும் 1981 இல் வெளியிட்ட நூலில், வீட்டில் கற்ற வாய் எழுத்தும் குர்ஆன் மத்ரஸாவின் அரபும் பள்ளிக்கூட ஆங்கிலமும் வெவ்வேறு ஆற்றல்களைத் தருவதைக் காட்டினார்கள். தோட்டத்திலும் அப்படித்தான். கைநாட்டு வைக்கும் பெண், நிறுவையில் ஒரு கிலோ வெட்டப்பட்டாலும் உடனே பிடித்துவிடுவாள். முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பரீட்சிக்கும் ஆய்வுகள் மட்டும் வேறுபட்டனவா? எங்கள் பாடசாலைக்கும் ஒரு குழு வந்தது. கடலைக் கண்டிராத பிள்ளைகளுக்குக் கடற்றொழில் பற்றிய பந்தி. ஒரு நாள் பரீட்சை. அன்று தம்பி, தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றவர்கள் கணக்கிலேயே இல்லை. பலர் 'வாசிக்கத் தெரியாதவர்' பட்டியலில் சேர்ந்தார்கள். முடிவு பாடசாலைக்குத் திரும்பி வரவேயில்லை.

பின்னர் ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் இருத்தி வாசிக்கச் சொன்னேன். சிலருக்குக் கொம்பு தடுமாறியது. கெ, கே, கொ, கோ எல்லாம் ஒன்றுதான். சிலர் எழுத்தெழுத்தாகச் சரியாகவே கூட்டினார்கள். வசனத்தின் முடிவுக்கு வருமுன் தொடக்கம் மறந்துவிட்டது. வேறு சிலர் மடமடவென்று வாசித்தார்கள். சொற்கள்தான் அவர்களுடையவை அல்ல. 'லயம்', 'பெரட்டு', 'கொழுந்து' என்று எழுதிக் கொடுத்தபோது முகம் மலர்ந்தது. மூன்று நோய்கள், மூன்று வைத்தியங்கள். அந்த ஆய்வுக்கோ ஒரே பெயர். நானும் யோக்கியனல்ல. அதுவரை எல்லோருக்கும் 'பார்த்து எழுது' என்ற ஒரே கஷாயத்தைத்தான் கொடுத்துவந்தேன்.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துறைக்குத் தனிக் கணக்கு இல்லாதிருந்தால் இந்தக் குறை அந்த 96க்குள் மறைந்தே போயிருக்கும். அந்தக் கணக்கை வயதுவாரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். வராத பிள்ளையையும் எண்ணுங்கள். புள்ளியோடு பிழைகளையும் பதியுங்கள். அதை முதலில் வகுப்பாசிரியரின் கையில் கொடுங்கள். கேட்பது இவ்வளவே.

கொழுந்து நிறுக்கத்தான் வேண்டும். கூலி அதில்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் செடிக்கு என்ன நோய் என்பதைத் தராசு சொல்லாது. அதற்கு மலைக்குள் இறங்கி நிரை நிரையாக நடக்க வேண்டும்.