பிரவுசரில் வேகம் முதலில் பார்க்க வேண்டியதா?

"எந்த பிரவுசர் வேகமானது?" வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இந்தக் கேள்வியை முதலில் கேட்பதே தவறு என்பது என் கருத்து. சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

என் அண்ணி வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறார். ஆர்டர் பார்ப்பது வாட்ஸ்அப் வெப்பில். பணம் பார்ப்பது நெட் பேங்கிங்கில். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் அதே கம்ப்யூட்டரில்தான். 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. ஒரு நாள் போன் செய்து, "தம்பி, நெட் ரொம்ப இழுக்குது. வேகமான பிரவுசரா ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். திரையின் வலது மூலையில், "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் உள்ளது, உடனே இந்த எண்ணை அழைக்கவும்" என்று அறிவிப்புகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அண்ணி அந்த எண்ணை ஒரு தாளில் குறித்தும் வைத்திருந்தார். மறுநாள் அழைப்பதாக இருந்தாராம். அழைத்திருந்தால், எதிர்முனையில் இருப்பவர் ஏதாவது ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, கம்ப்யூட்டரையே தன் கைக்குள் கொண்டுவந்திருப்பார். தீபாவளிச் சரக்குக்காக வைத்திருந்த பணம் முழுவதும் அந்த பேங்க் கணக்கில்தான் இருந்தது.

வந்தது வைரஸ் அல்ல. ஏதோ ஒரு தளம் நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்டபோது "அலவ்" என்பதில் கிளிக் செய்ததன் விளைவு. பிரவுசரின் செட்டிங்ஸ் பகுதியில் நோட்டிபிகேஷன்ஸ் பிரிவுக்குச் சென்று அந்தத் தளத்தை நீக்கியதும் எல்லாம் நின்றுவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று சத்தமில்லாமல் உள்ளே இருந்தது. அங்கிருந்த குரோம், பதிப்பு 109. விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் அதுதான். 2023 பிப்ரவரியில் வெளியான 110ம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் தேவை. பூட்டு உடைந்த கதவுக்குப் பின்னால்தான் அண்ணி கல்லாப்பெட்டியை வைத்திருந்தார்.

பாதுகாப்பு: இதற்குத்தான் முதல் மதிப்பெண். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் இயங்குபவை. ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட "உலா" பிரவுசரும் அப்படித்தான். மத்திய அரசு நடத்திய இந்திய வெப் பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசு, ஒரு கோடி ரூபாய், உலாவுக்குக் கிடைத்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய பிரவுசர் பரிசு வாங்கியதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமைக்காக பிரவுசரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குரோமியத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதில் இயங்கும் எல்லா பிரவுசர்களுக்கும் அது பொருந்தும். குரோம் 2023 ஆகஸ்ட்டிலிருந்து வாரந்தோறும் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. மற்றவை எத்தனை நாளில் அதை எட்டிப் பிடிக்கின்றன என்பதுதான் கேள்வி. இதை நீங்களே சோதிக்கலாம். பல பிரவுசர்களின் அபவுட் பக்கத்தில் குரோமியம் எண் இருக்கும். அதே நாளில் குரோமின் எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பயர்பாக்ஸ் மொஸில்லாவின் சொந்த அடித்தளத்தில் இயங்குவதால், அதற்கு வரும் அப்டேட்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஸ்திரத்தன்மை: 2008ல் குரோம் வந்தபோது, டேப்களைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்தது. ஒரு டேப் நொறுங்கினாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும். இன்று முக்கிய பிரவுசர்கள் எல்லாமே இந்த வழியில்தான் இயங்குகின்றன. இதற்கு நாம் கொடுக்கும் விலை மெமரி. 4 ஜிபி ராமில் இருபது டேப் திறந்தால் எந்த பிரவுசரும் திணறத்தான் செய்யும். படிவத்தைப் பாதி நிரப்பியபோது பிரவுசர் நின்றுபோனால், மிச்சம் பிடித்த அந்த அரை விநாடி வேகத்தால் என்ன பயன்?

வேகம்: ஸ்பீடோமீட்டர் போன்ற சோதனைகள் தரும் எண்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை நல்ல கம்ப்யூட்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைச் சொல்பவை. நம் வீட்டில் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கும், யார் யாரோ போட்டுவிட்டுப் போன எக்ஸ்டென்ஷன்களும்தான். அண்ணியின் பிரவுசரில் கூப்பன் தேட ஒன்று, வீடியோ டவுன்லோட் செய்ய ஒன்று, வானிலைக்கு ஒன்று என்று வரிசையாக இருந்தன. நீக்கியவுடனேயே வித்தியாசம் தெரிந்தது.

பிறகு என்ன செய்தேன்? விண்டோஸ் 11 அந்த கம்ப்யூட்டரில் ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. எனவே ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் இன்ஸ்டால் செய்து, பயர்பாக்ஸைக் கொடுத்தேன். முதல் வாரம் அண்ணிக்குக் கோபம்தான். "பழைய ஐகான் எங்கே தம்பி?" என்று தினமும் போன். இப்போது அந்த போன் வருவதில்லை.

அவருக்கு இரண்டு பழக்கங்களும் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று, நோட்டிபிகேஷன் கேட்கும் எந்தத் தளத்துக்கும் "பிளாக்" கிளிக் செய்வது. இரண்டாவது, பேங்க் தளத்தில் நுழையும் முன் அட்ரஸ் பாரைப் படிப்பது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி நம் நாட்டு வங்கிகள் தங்கள் தள முகவரிகளை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்ற வேண்டும். அதற்கு 2025 அக்டோபர் 31 கெடுவாக இருந்தது. பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். போலித் தளமும் அதைப் பெற முடியும். ஏமாந்து பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

ஆகவே, அடுத்த முறை யாராவது "இந்த பிரவுசர் ராக்கெட் வேகம்" என்று சொன்னால், "கடைசியாக எப்போது அப்டேட் ஆனது?" என்று கேளுங்கள். பதில் தெரியாத பிரவுசரில் பேங்க் பாஸ்வேர்டை டைப் செய்யாதீர்கள்.